பாதாளத்துக்குப் போய் வந்த பிள்ளை

உயிரோடு இறந்தோர் உலகிற்குச் சென்று மீண்டவர்களைப் பற்றியும், மாண்டவரை அழைத்துப் பேசியவர்களைப் பற்றியும் கதை சொல்லாத நாடு அரிது. கடோபநிடதத்து நசிகேதன், எமனுடைய மனையில் மூன்று இரவு உணவின்றிக் காத்திருந்தான். கிரேக்கக் காவியத்து ஒடிசியஸ், குழி தோண்டித் தேனும் பாலும் மதுவும் வார்த்து, ஆட்டின் குருதியையும் ஊற்றி, அதைப் பருக வந்த ஆவிகளோடு உரையாடினான். விவிலியத்தில் சவுல் மன்னன், ஏந்தோர் என்னும் ஊரில் இருந்த ஒரு பெண்ணின் துணையால், மாண்டுபோன சாமுவேலை எழுப்பி ஆலோசனை கேட்டான். இவர்களையெல்லாம் புத்தகத்தில் தேடிப் படிக்கிற நாம், நம் கொல்லைப் புறத்திலேயே வழங்கும் கதை ஒன்றை மறந்துவிடுகிறோம். அதைப் பற்றியே இன்று சிறிது பேச எண்ணுகிறோம்.

அகத்திய மலையில் பிறந்து பூவாற்றில் கடலோடு கலக்கும் நெய்யாறு பாய்கின்ற நிலப்பகுதியில், ஒற்றசேகரமங்கலம் என்று ஓர் ஊர் உண்டு. நேயர்களுள் பலர் அப்பெயரைக் கேள்வியுற்றிருக்க மாட்டார்கள். கிழக்கே காணிக்காரர் வாழும் மலை; தெற்கே பாறசாலை, அதைத் தாண்டினால் தமிழ்நாட்டுக் களியக்காவிளை. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகத்தீசுவரம் என்னும் நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு கிழித்தவர்கள் நிலத்தைப் பிரித்தார்கள்; பள்ளிக்கூடத்தைப் பிரித்தார்கள்; கச்சேரியைப் பிரித்தார்கள். இசக்கியைப் பிரிக்க மட்டும் ஒருவராலும் இயலவில்லை. கோட்டுக்கு அப்பால் அவள் யட்சி, இப்பால் இசக்கி. பெயர் ஒன்றே, நாக்குதான் வேறு.

இவ்வூர்ப் பக்கத்துப் பழைய பாட்டுகளை மலையாளத்தார் ‘தெக்கன் பாட்டுகள்’ என்பர். வில்லடித்துப் பாடப்படும் அவை, தமிழ் என்றும் சொல்லலாம், மலையாளம் என்றும் சொல்லலாம் என்னும்படியான ஒரு மொழியில் அமைந்தவை. இரவிக்குட்டிப் பிள்ளைப் போரும், உலகுடைய பெருமாள் கதையும், நீலி கதையும் அவற்றுள் பெயர் பெற்றவை. தமிழ் படித்தவர் இவற்றை மலையாளம் என்று ஒதுக்குவதும், மலையாளம் படித்தவர் இவற்றைத் தமிழ் என்று ஒதுக்குவதும் உண்டு. இரண்டு வீட்டுக்கும் உறவான பிள்ளை, பந்தியில் இரண்டு வீட்டிலும் இடமின்றி நிற்பது போன்ற நிலைதான் அது. வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இந்நிலை புதிதன்று என்றே கருதுகிறோம்.

கதைக்கு வருவோம். கொச்சியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கோலஞ்சேரிக்கு அருகே, கடமற்றம் என்னும் ஊரில் பழைமையான கிறிஸ்தவ தேவாலயம் ஒன்று இருக்கிறது. பாரசீகத்திலிருந்து வந்த மார் ஆபோ என்னும் துறவி அங்கே தங்கினார் என்பது மரபு. அவர் எடுத்து வளர்த்த ஏழைச் சிறுவன் பவுலோஸ். படிப்பித்து, இளம் பருவத்திலேயே அவனைச் ‘செம்மாசன்’ ஆக்கினார். அதாவது, குருப்பட்டத்துக்கு முந்திய படியில் நிறுத்தினார். ஒருநாள் மேயச் சென்ற மாடுகள் புலிக்கு அஞ்சிக் கலைந்தன. தேடப் புறப்பட்டவர்களுள் பவுலோஸும் ஒருவன். காட்டில் வழி தவறிய அவனை மலைவாசிகள் பிடித்து, நிலத்தின் அடியில் இருந்த தங்கள் குகைக்குக் கொண்டு போயினர். நசிகேதன் கதையும் மாட்டில்தான் தொடங்குகிறது. அவன் தந்தை கறவை வற்றிய கிழப் பசுக்களைத் தானம் செய்ததைக் கண்டு கேள்வி கேட்டதன் விளைவே அவனுடைய எமலோகப் பயணம். மாடுகளுக்கும் மறுவுலகிற்கும் என்ன உறவோ, அறிஞர்கள் ஆராயட்டும்.

குகையின் தலைவனுக்குப் பையன்மீது அன்பு பிறந்தது. பேய்களை அழைப்பதும், ஏவுவதும், அடக்குவதும் ஆகிய வித்தைகள் அனைத்தையும் அவனுக்குக் கற்பித்தான். 12 ஆண்டுகள் கழிந்தன. வித்தை முற்றிற்று, பையனுக்கோ ஊர் நினைவு அறவில்லை. அவன் தப்பி ஓடி வந்து தேவாலயத்தில் புகுந்தான். துரத்தி வந்தவர்கள் சங்கிலிகளால் சுவரை அடித்துப் பார்த்துத் திரும்பினர் என்றும், அந்த அடியின் தழும்பு சுவரில் இருக்கிறது என்றும் சொல்லுவர். பின்னர் அவன் குருப்பட்டம் பெற்றுக் ‘கடமற்றத்துக் கத்தனார்’ ஆனான். கத்தனார் என்பது சிரியன் கிறிஸ்தவ மரபில் குருவுக்கு வழங்கும் பெயர். பாதாளத்துக்கு அவர் போய் வந்த வழி என்று கடமற்றத்தில் ஒரு கிணற்றை இன்றும் காட்டுகின்றனர். பாதாளக் கிணறு என்பது அதன் பெயர். இக்கதையை அச்சில் நிலைநிறுத்தியவர் கொட்டாரத்தில் சங்குண்ணி. 1909ஆம் ஆண்டு முதல் அவர் வெளியிட்ட ‘ஐதிஹ்யமாலை’யில் இது இடம் பெற்றுள்ளது.

இவ்விடத்தில் ஒரு சொல் கூறியே தீரவேண்டும். குகையில் வாழ்ந்தோரைக் கதை ‘மலை அரையர்’ என்கிறது. கொடியவர் என்றும் பேசுகிறது. மலை அரையர் கற்பனை மக்கள் அல்லர். இடுக்கி, கோட்டயம் மாவட்டங்களில் வாழும், கல்வியில் முன்னேறிய ஒரு பழங்குடியினர். சமவெளிக்காரர் மலைக்காரரிடம் வித்தை கற்றுக்கொண்டு, கற்பித்தவரையே பூதமாக்கிவிடுவது நாடெங்கும் நடக்கின்ற காரியந்தான். ஆயினும் அதைக் கண்டு வாளா இருக்க வேண்டுவதில்லை.

ஒற்றசேகரமங்கலத்துக்குக் கிழக்கே மலையில் வாழும் காணிக்காரரிடம் இந்த வித்தை எவ்வாறு இருக்கிறது என்று பார்த்தால், வேறுபாடு விளங்கும். அவர்களுள் பிலாத்தி என்பவர் பூசகரும் மருத்துவரும் ஆவார். ஒருவர் நோயுற்றால் அவர் ‘சாற்று’ப் பாட்டுப் பாடுகிறார். கொக்கரை என்னும் கருவியை மடியில் வைத்துக்கொள்கிறார். அது பல் வெட்டிய ஓர் இரும்புக் குழல். அதன்மீது இரும்புக் கம்பியால் உரசினால் கரகரவென்று ஒலி எழும். அந்த ஒலியோடு இரவு நெடுநேரம் பாட்டு நடக்கும். யாரையும் ஆணியில் அறைவதோ அடிமை கொள்வதோ அங்கே நோக்கம் அன்று. நோயாளி எழுந்து நடமாட வேண்டும் என்பதே.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களாகிய நமக்கு, ஆங்கிலத்தில் ‘நெக்ரோமான்சர்’ என்னும் சொல் எதிர்ப்படும்போதெல்லாம் பேனா சிறிது தயங்கும். மாண்டவரை வரவழைத்து வருவது கேட்பவர் என்பது அதன் வேர்ப்பொருள். மாந்திரிகர் என்றால் அது அதிகம். பேயோட்டி என்றால் நேர்மாறு. தமிழில் அதற்கு நேரான ஒரு சொல் அமையாததற்குக் காரணம் உண்டு என்று தோன்றுகிறது. நம் நாட்டில் மாண்டவரைத் தேடி எவரும் பாதாளத்துக்குப் போவதில்லை. மாண்டவரே ஊருக்குள் வருகின்றனர். கோடாங்கியின் வாயிலோ, சாமியாடியின் உடம்பிலோ வந்து இறங்கி, ‘எனக்கு இன்ன குறை வைத்தீர்கள்’ என்று கேட்கின்றனர். கேள்வி கேட்பவர் அவர்; விடை சொல்ல வேண்டியவர் நாம். கடமற்றத்துக் கத்தனார் கதை இம்முறையைத் தலைகீழாக்குகிறது. அங்கே மாந்திரிகர் கட்டளை இடுகிறார், மாண்டவள் கீழ்ப்படிகிறாள்.

அந்த மாண்டவள் யார்? நம் நீலிதான்.

கத்தனார் தெற்கே பயணம் வரும் வழியில் ஒரு காட்டை அடைந்தார். பஞ்சவன்காடு என்றும் கள்ளியங்காடு என்றும் அதைச் சொல்லுவர். நாகர்கோவிலை அடுத்துக் கள்ளியங்காடு என்னும் இடம் இன்றும் உண்டு. அழகிய பெண் ஒருத்தி எதிர்ப்பட்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டாள். அவ்வாறு கேட்டுக் கொடுத்தவர்களின் எலும்பும் பல்லுமே மறுநாள் கிடைக்கும் என்பது ஊரறிந்த செய்தி. கத்தனார் சுண்ணாம்பை இரும்பு ஆணியின் முனையில் வைத்து நீட்டினார். இரும்பு பட்டதும் யட்சி கட்டுண்டாள். அவளைப் பணிப்பெண்ணாக்கி உடன் அழைத்துச் சென்றார். காயங்குளத்தில் தங்கிய வீட்டில், ஒரு மூதாட்டி அவளுக்குத் தலைவாரிவிடும்போது ஆணி கையில் தட்டுப்பட்டது. ‘ஐயோ பாவம், தலையில் ஆணியா’ என்று பிடுங்கினாள். நீலி மறைந்தாள். கத்தனார் விடாமல் பின்தொடர, இறுதியில் பருமலைக்கு அருகே பனையன்னார்காவில் அவள் அடங்கினாள் என்று கதை முடிகிறது. இக்கதையில் நமக்கு மிகவும் பிடித்தவர் கத்தனார் அல்லர். ஆணியைப் பிடுங்கிய அந்த மூதாட்டியே.

ஆனால் நீலி ஏன் பேயானாள் என்பதைக் கத்தனார் கதை கேட்பதில்லை. அதைக் கேட்பது வில்லுப்பாட்டு. அந்தணன் ஒருவன் ஒரு பெண்ணை நேசித்தான், பொருளெல்லாம் இழந்தான். அவளோடு காட்டு வழியே நடந்தபோது, கள்ளிச் செடியருகே தன் மடியில் தலைவைத்துத் தூங்கிய அவளையே நகைக்காகக் கொன்றான். தேடி வந்த அவள் உடன்பிறந்தான், தங்கையின் உடலைக் கண்டு தானும் உயிர்விட்டான். கண்டவர் எவரும் இல்லை. கள்ளி ஒன்றே சாட்சி. மறுபிறவியில் அந்தணன் வணிகனாய்ப் பிறந்து அவ்வழியே வந்தான். நீலி கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, ‘இவர் என் கணவர்’ என்று ஊராரிடம் முறையிட்டாள். குழந்தையும் ‘அப்பா’ என்று கை நீட்டிற்று. அஞ்சி அலறிய வணிகனை ஊர்ப் பெரியோர் நம்பவில்லை; அவனுக்குக் காப்பாயிருந்த வாளையும் வாங்கி வைத்துவிட்டு, ஓரறையில் அவளோடு தங்க வைத்தனர். விடியும்போது அவன் பிணமாய்க் கிடந்தான்.

திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் இக்கதை வழங்கும்போது, முடிவு நெஞ்சை உலுக்குவது. ‘அவன் உயிருக்கு நாங்கள் பிணை’ என்று வாக்குக் கொடுத்திருந்த வேளாளர் 70 பேரும், தவறான தீர்ப்பு வழங்கியதற்காகத் தீயில் இறங்கி உயிர் நீத்தனர். சம்பந்தர் தேவாரத்திலேயே இதற்குக் குறிப்பு உண்டு. பழைய நீலிக்கு மூன்றாவது வழி ஒன்றையும் தமிழ் கண்டது. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய ‘நீலகேசி’யில், ஒரு சமண முனிவர் பழையனூர்ப் பேயை உரையாலே மனம் மாற்றுகிறார், அவள் ஊர்தோறும் சென்று பிற சமயத்தாரோடு வாதிடுகிறாள். அந்நூலை அ. சக்கரவர்த்தி நயினார் 1936ஆம் ஆண்டு பதிப்பித்தார். ஆக, ஒரே நீலியை ஒரு கதை ஆணியால் அடக்குகிறது. ஒரு கதை அவளுக்கு ஈடாக 70 உயிர்களைத் தருகிறது. ஒரு கதை அவளுக்கு நாவன்மை கொடுத்து அவைக்கு அனுப்புகிறது. தில்லியிலோ மும்பையிலோ ஒரே மாடிக் கட்டடத்தில் குடியிருக்கும் மார்த்தாண்டத்துக்காரரும் நெய்யாற்றின்கரைக்காரரும், ‘நீலி எங்களுடையவள்’ என்று வழக்காடினால், நாம் பழையனூர்ப் பெரியோரைப் போல அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால், தூங்கியவளைக் கொன்ற கையைச் சொல்லாமல், சுண்ணாம்பு கேட்ட கையை மட்டும் சொல்லும் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னால், அது பாதிக் கதை என்பதில் நமக்கு ஐயமில்லை.

புதிய தலைமுறையினர் இதனை உணர்ந்துள்ளனர் போலும். 2025ஆம் ஆண்டு வெளிவந்து பெரும் வரவேற்புப் பெற்ற ‘லோகா’ என்னும் மலையாளத் திரைப்படத்தில் கள்ளியங்காட்டு நீலியே கதைத் தலைவி. இக்காலத்து நகரில் குடியேறி வாழும் பெண்ணாக வருகிறாள். சொந்த ஊரை விட்டு வந்து, தான் யார் என்பதை அக்கம்பக்கத்தார்க்கு உரைக்காமல் வாழ்கிறாள். நேயர்களுள் சிலர்க்கு அந்த வாழ்க்கை புரியும். கத்தனாரும் அப்படத்தில் உண்டு; ஆனால் அடக்குபவராக அன்று, துணைவராக.

விடுமுறைக்கு ஊர் செல்வோர், திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் வழியில், ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்து முப்பந்தலைக் காணலாம். காற்றாலைகள் வரிசையாய்ச் சுழலும் அந்த வெளியில், சாலையோரத்தில் இசக்கியம்மன் கோயில் இருக்கிறது. அப்பகுதிப் பாட்டிமார், ‘மக்களே, உச்சப் பொழுதில பாலைமரத்துப் பக்கம் போவாதே’ என்று பேரப்பிள்ளைகளைத் தடுப்பர். அதே பாட்டிமார், மகளுக்குப் பிள்ளை இல்லையென்றால் இசக்கியிடந்தான் வேண்டிக்கொள்வர். இசக்கியின் உருவம் பெரும்பாலும் கையில் குழந்தையோடுதான் அமைந்திருக்கும். கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக ஏந்தி வழக்குரைக்க வந்தவளின் காலடியில், பிள்ளை வரம் கேட்டவர்கள் மண்ணிலும் மரத்திலும் செய்த சிறு பொம்மைகளை வைத்துவிட்டுப் போகின்றனர்.