ஒவ்வாமையும் இரத்தப் பரிசோதனையும்

(கீழ்க்கட்டளையில் நடைபெற்ற நமது சங்க மாதக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



யான் மருத்துவன் அல்லேன், தமிழாசிரியன். ஆயினும் நம்மவர் பிள்ளை ஒருவன் பொருட்டு இப்பொருளை ஆராய நேர்ந்தது. என் மாணவனாகிய அவன், சென்ற ஆண்டு விழாப் பந்தியில் இலைமுன் அமராது ஒதுங்கி நின்றான். காரணம் வினவினேன். அடிக்கடி வயிற்றுவலி வந்தமையால், பெற்றோர் விளம்பரம் ஒன்றை நம்பி அவன் இரத்தத்தைச் சோதிப்பித்தனராம். பால், தயிர், முட்டை, கோதுமை, துவரம்பருப்பு முதலிய இருபதுக்கு மேற்பட்ட பொருள்கள் ஆகா என்று பட்டியல் வந்ததாம். பிள்ளை மெலிந்தான், வலியோ நீங்கவில்லை.

'ஒவ்வாமை' என்னும் ஒரே சொல்லால் நாம் மூன்று வேறு நிலைகளைக் குறிக்கின்றோம். குழப்பத்திற்கு அதுவே வித்து.

முதலாவது, வேர்க்கடலையோ இறாலோ உண்ட சிறிது நேரத்தில் தடிப்பும் முகவீக்கமும் மூச்சுத்திணறலும் தோன்றுவது. இதற்குக் காரணமான ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்பொருளை 1966-67இல் இஷிசாகா தம்பதியரும் ஸ்வீடன் நாட்டு அறிஞரும் கண்டறிந்தனர். இத்தகையோர் வீட்டில் சோதித்துப் பாராது, உடனே மருத்துவமனையை அடைதல் வேண்டும்.

இரண்டாவது, பாற்சர்க்கரையைச் செரிக்கும் நொதி குடலிற் குறைதல். இதில் எதிர்ப்பொருளுக்கு இடமில்லை. ஆதலின் எதிர்ப்பொருட் சோதனை இதனைக் காட்டாது.

மூன்றாவது, கோதுமைப் புரதத்தாற் குடல் பழுதுறும் சீலியாக் நோய். இதற்கு நம்பத்தக்க இரத்தச் சோதனை உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றிய பேராசிரியர் பி. எஸ். ராமகிருஷ்ணா முதலியோர் 23,000க்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2016இல் முடிவு வெளியிட்டனர். இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேரிடமும், தென்னிந்தியாவில் 0.10 பேரிடமும் காணப்பட்டது. ஐயமுற்றோர் கோதுமையை விலக்குமுன்னரே சோதித்தல் வேண்டும். விலக்கியபின் சோதித்தால் நோய் மறைந்து தோன்றலாம்.

அப்பிள்ளைக்குச் செய்ததோ, இம்மூன்றிலும் சேராத ஐ.ஜி.ஜி. சோதனை. அவ்வெதிர்ப்பொருள், உண்ட உணவை உடல் அறிந்ததன் அடையாளமேயன்றி நோயின் அடையாளமன்று. நாள்தோறும் தயிர் உண்பானிடம் பாலுக்குரிய எதிர்ப்பொருள் தோன்றுதல் இயல்பே. இச்சோதனையைக் கொண்டு உணவு ஒவ்வாமையை அறுதியிடலாகாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவக் கழகம் 2008இலும், கனடா நாட்டுக் கழகம் 2012இலும் அறிவித்தன.

பின்னர்ப் பெற்றோர் குழந்தை மருத்துவரை நாடினர். அவர் நெடுநேரம் வினவி, மலச்சிக்கலே வலிக்குக் காரணம் என்றறிந்து சிகிச்சை செய்தார். விலக்கிய உணவுகளை ஒவ்வொன்றாக மீண்டும் சேர்ப்பித்தார். ஒன்றும் தீங்கு செய்யவில்லை.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மிகுதியும் உணவைப் பற்றியே பேசினார். என்ன உண்டோம், எப்பொழுது துன்பம் வந்தது என்று ஏட்டில் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். அச்சத்தை விலைகொடுத்து வாங்கி, வளரும் பிள்ளைகளின் இலையை வெறுமையாக்காதீர்கள்.

அப்பிள்ளை இன்று தன் தாயுடன் இக்கூட்டத்திற்கு வந்துள்ளான். சற்று நேரத்தில் நடைபெறும் பந்தியில் நம்முடன் அமர்ந்து தயிர்ச்சோறு உண்பான்.