தயிர் சாதத்தை விடாதீர்கள்

அறுபது வயதில், கொழுப்புக்குப் பயந்து பால், தயிரை அடியோடு நிறுத்தினேன். சாம்பார், கீரை, சுண்டல் இருக்கிறதே என்ற தைரியம். நாலைந்து வருஷத்தில் பாதம் மரத்துப்போயிற்று. சர்க்கரை வியாதிதான் காரணம் என்று சும்மா இருந்துவிட்டேன். ரத்தப் பரிசோதனையில் பி-12 மிகக் குறைவு என்றார் டாக்டர்.

பருப்பில் புரதம் உண்டு, கீரையில் இரும்புச்சத்து உண்டு. பி-12க்கு நம் சமையலில் பால், தயிர், மோர்தான் வழி. தேவையும் நாளொன்றுக்குச் சுமார் 2 மைக்ரோகிராம்தான். ஆனால் வயதானால் உடல் அதைக் கிரகிப்பது குறையலாம். வெகுநாள் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டாலும் குறையலாம்.

ஊசி போட்டுத் தேறினேன். இடது கால் விரல்களில் மட்டும் உணர்வு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஆகவே, பெரியவர்கள் டாக்டரிடம் கேட்டு பி-12 பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தாமதிக்காதீர்கள்.