கரண்ட் வைத்த இடத்தைக் கவனியுங்கள்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் பேசியது)



போன வருஷம் உப்பளத்தில் வேலை பார்க்கிற ஒரு அக்கா, கழுத்தோரம் ஒரு புண்ணைக் காட்டினாங்க. மூணு மாசமா ஆறலை. "உப்புத் தண்ணி பட்டது தாயி, வேப்பெண்ணெய் போட்டா சரியாயிரும்"னாங்க. பேச்சுவாக்கில்தான் தெரிஞ்சது, 15 வருஷத்துக்கு முன்னால் கழுத்துக் கட்டிக்கு அதே இடத்தில் கரண்ட் வச்சிருக்காங்க.

நாம கரண்ட்னு சொல்றது மின்சாரம் இல்லை, கதிர்வீச்சு. அது புற்றுநோயை அழிக்கிறப்போ பக்கத்துத் தோலிலும் கொஞ்சம் படும். அந்தச் சேதம் பல வருஷம் கழிச்சுச் சில பேருக்குத் தோல் புற்றுநோயா வரலாம். 1902-லேயே ஜெர்மனியில் எக்ஸ்ரே குழாயோடு வேலை பார்த்தவர் கையில் இதைக் கண்டாங்க. இஸ்ரேலில் 1950-களை ஒட்டி, தலையில் படர்தாமரை வந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்தாங்க. படர்தாமரைக்குப் போய்! வளர்ந்த பிறகு அவங்களுக்குத் தலைத்தோலில் புற்றுநோய் கூடுதலா வந்தது. 1994-ல் அரசு நஷ்டஈட்டுச் சட்டமே போட்டது.

இதைக் கேட்டுட்டு யாரும் கரண்ட் வேண்டாம்னு ஓடிராதீங்க. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1957-ல் கோபால்ட் மெஷின் வந்தது. அப்போதிருந்து நம்ம மாநிலத்தில் இந்தச் சிகிச்சையால் பிழைச்சவங்க ஏராளம். இப்போதைய மெஷின்களில் தோலில் படுவதும் குறைவு. மார்புக்கோ கர்ப்பப்பை வாய்க்கோ டாக்டர் சொன்னால் முழுசா எடுத்துக்கணும். பின்னால் வருகிற ஆபத்து சின்னது, நோயை விட்டால் வருவது பெரிசு.

ஆனா கரண்ட் வச்ச இடத்தை மாசம் ஒருக்கா கண்ணாடியில் பாருங்க. ஒரு மாசமாகியும் ஆறாத புண், பொருக்கு உதிர்ந்து உதிர்ந்து ரத்தம் கசியும் இடம், நம்ம ஊர் முத்து மாதிரி மினுங்குகிற சின்னக் கட்டி, மார்பில் அடிபடாமலே ரத்தம் கட்டின மாதிரி ஊதா நிறம் - எது இருந்தாலும் எண்ணெய் தடவாம அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போங்க. "எனக்கு முன்னாலே கரண்ட் வச்சிருக்கு"ன்னு நீங்களே சொல்லணும். தழும்பைப் பார்த்து டாக்டரே கண்டுபிடிச்சுருவார்னு இருக்காதீங்க. அளத்துக்கும் கருவாடு காயப்போடவும் போறப்போ அந்த இடத்தில் வெயில் படாம பருத்தித் துணி போட்டு மூடுங்க.

அந்த அக்காவுக்குச் சதைப் பரிசோதனையில் தோல் புற்றுநோய்னுதான் வந்தது. சின்னதா இருந்ததால் வெட்டி எடுத்துத் தையல் போட்டாச்சு. இப்போ ஆறு மாசத்துக்கு ஒருக்கா காட்டிட்டு வர்றாங்க. பழைய சிகிச்சைச் சீட்டைத் தேடத்தான் ரெண்டு நாள் ஆச்சு. கடைசியில் டிரங்குப் பெட்டியில், மகன் கல்யாணப் பத்திரிகைக்குள்ளே இருந்தது. இப்போ அது ரேஷன் கார்டோட ஒரே பையில் இருக்கு.