வடம் முடியும் இடத்தில்: கருத்தரங்கத் தலைமை உரை



கம்பிவடத்தை நகரப் பொதுப் போக்குவரத்தாக ஆராயும் இக்கருத்தரங்கில் பொறியாளர்களும் நகரத் திட்ட வல்லுநர்களும் சமூகவியலாளர்களும் ஒன்றாக அமர்ந்திருக்கிறீர்கள். பொருளின் இயல்பே இதைக் கேட்கிறது. வடத்தின் இழுவிசையை அறிந்தவர் அது ஏறிச்செல்லும் குடியிருப்பையும் அறிய வேண்டும். குடியிருப்பை அறிந்தவர் வடம் தேயும் கணக்கையும் அறிய வேண்டும்.

ரோப் கார் என்றதும் நம்மில் பலருக்குப் பழனி நினைவுக்கு வரும். அங்கே மலைக்கோயிலுக்கு அது 2004-இல் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில், கொலம்பியாவின் மெதெயின் நகரில், மலைச்சரிவில் வாழும் ஏழை மக்கள் வேலைக்குப் போய்வர ஒரு தடம் திறக்கப்பட்டது. பழனியில் பராமரிப்புக்காக ரோப் காரை நிறுத்தும் நாட்களில் விஞ்ச் எனும் இழுவை ரயில் இருக்கிறது, படிகள் இருக்கின்றன. மெதெயினில் விடிகாலையில் வேலைக்கு இறங்கும் தொழிலாளிக்கு, வடம் நின்றால் அன்றைய கூலிக்கே ஆபத்து. நாம் இங்கே பேசப்போவது இந்தத் தொழிலாளியின் வண்டியைப் பற்றி.

அது இயங்கும் முறை எளிது. வடம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். நிலையத்துக்குள் நுழையும் பெட்டி வடத்தைப் பற்றிய பிடியை விட்டு மெல்ல நகரும். ஆட்கள் ஏறி இறங்கியதும் மறுபடி பற்றிக்கொள்ளும். பத்துப் பேர் கொள்ளும் பெட்டி 12 விநாடிக்கு ஒன்று புறப்பட்டால் மணிக்கு 300 பெட்டிகள். ஒரு திசையில் 3,000 பேர். மெட்ரோ ரயில் இதைப்போல் பல மடங்கு சுமக்கும். ஆகவே ரயிலோடு போட்டியிடுவது வடத்தின் வேலை ஆகாது. ரயிலும் பேருந்தும் ஏற முடியாத சரிவிலிருந்து மக்களை அவற்றிடம் கொண்டுவந்து சேர்ப்பதே அதன் வேலை.

மெதெயின் இதைப் புரிந்துகொண்டு தொடங்கிய நகரம். அங்கே பள்ளத்தாக்கின் அடியில் 1995 முதல் மெட்ரோ ஓடிக்கொண்டிருந்தது. மேலே சாந்தோ டொமிங்கோ போன்ற குடியிருப்புகள் வன்முறையிலும் வறுமையிலும் ஒதுங்கிக் கிடந்தன. சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள முதல் தடம் அவற்றை அசெவேதோ மெட்ரோ நிலையத்தோடு இணைத்தது. வடத்தில் வந்தவர் தனிக்கட்டணம் இல்லாமல் ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம். மேயர் செர்ஹியோ ஃபஹார்டோவின் காலத்தில் நிலையங்களைச் சுற்றி நடைபாதைகள், பூங்காக்கள், பள்ளிகள், ஒரு பெரிய நூலகம் எல்லாம் எழுந்தன.

இதன் விளைவை ஆய்வாளர் மக்தலேனா செர்தாவும் அவருடைய குழுவினரும் அளந்து 2012-இல் வெளியிட்டார்கள். 2003-க்கும் 2008-க்கும் இடையே, இந்தப் பணிகள் நடந்த குடியிருப்புகளில் கொலை விகிதத்தின் வீழ்ச்சி, ஒப்பிடத்தக்க பிற குடியிருப்புகளில் கண்டதைவிட 66 விழுக்காடு அதிகம். இந்த எண்ணை மேடைகளில் வடத்தின் வெற்றி என்று மட்டும் சொல்வது பிழை. வடத்தோடு சேர்ந்து மண்ணில் நடந்த எல்லாப் பணிகளின் விளைவு அது.

ரியோ டி ஜெனிரோ தரும் பாடம் கசப்பானது. அலெமாங் குன்றுகளின் மேல் ஆறு நிலையங்களோடு மூன்றரை கிலோமீட்டர் தடம் 2011-இல் திறக்கப்பட்டது. புறநகர் ரயிலோடு இணைப்பும் இருந்தது. ஆனால் நிலையங்கள் குன்றின் உச்சிகளில் அமைந்தன. சரிவில் குடியிருந்த பலர் வண்டி பிடிக்கவே மேலே ஏற வேண்டியிருந்தது. கழிவுநீர் வசதியை முதலில் கொடுங்கள் என்று கேட்ட மக்களின் குரல் திட்டத்தில் இடம்பெறவில்லை. மாநில அரசு கையில் பணமில்லாமல் தவித்த 2016-இல், ஒலிம்பிக் முடிந்த கையோடு, தடம் நின்றது. பின் ஆண்டுக்கணக்கில் பெட்டிகள் அசையவே இல்லை.

பொலிவியாவின் லா பாஸ் மூன்றாவது வழி. கீழே லா பாஸ், ஏறத்தாழ 400 மீட்டர் மேலே மேட்டுநிலத்தில் எல் ஆல்ட்டோ. இரண்டுக்கும் நடுவே வளைந்து நெளியும் நெரிசல் சாலைகள். 2014-இல் முதல் தடம் திறந்தது. 2019-க்குள் பத்துத் தடங்கள், சுமார் 30 கிலோமீட்டர். அங்கே வடமே நகரத்தின் முதன்மை வலைப்பின்னலாகிவிட்டது. ஆயினும் சிற்றுந்துகளுக்குத் தனிக்கட்டணம் தொடர்கிறது. வலைப்பின்னல் விரிந்தாலும் பயணச்சீட்டு ஒன்றாகவில்லை.

மூன்று நகரங்களிலும் இயந்திரம் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு வடம் முடியும் இடத்தில் இருக்கிறது: நிலையத்தின் வாசலில், கட்டண அட்டையில், பத்தாம் ஆண்டின் வரவுசெலவுப் பக்கத்தில். மெதெயினும் இதற்கு விலக்கில்லை. அந்தப் பெருமைக்குரிய நூலகம் கட்டடப் பழுதால் மூடப்பட்டது. 2024-இல் வடத்திலிருந்து ஒரு பெட்டி விழுந்து உயிரிழப்பும் நேர்ந்தது. கட்டுவது ஒரு விழா. காப்பதுதான் போக்குவரத்து.

ஆகவே கட்டுரையாளர்களை உரிமையோடு வேண்டுகிறேன். பயண நேரத்தை நிலையத்திலிருந்து கணக்கிடாதீர்கள். வீட்டு வாசலிலிருந்து கணக்கிடுங்கள். ஏறியவர்களை எண்ணுவதோடு நிறுத்தாமல், வடம் தலைக்கு மேல் ஓடியும் ஏறாதவர்களைத் தேடிச் சென்று காரணம் கேளுங்கள். முழங்கால் வலியுள்ள மூதாட்டி, சக்கர நாற்காலியில் இருப்பவர், சந்தைக்குக் கூடை தூக்கிச் செல்பவர் ஆகியோரின் விடைகள் உங்கள் அட்டவணைகளில் இடம்பெற வேண்டும். வடம் மாற்றும் செலவையும் உதிரிபாகங்களின் விலையையும் கட்டுமானச் செலவுக்கு அருகிலேயே எழுதுங்கள். அந்தச் செலவுக்கு யார் பொறுப்பு என்று எழுதாத திட்ட அறிக்கையை முழுமையானது என்று நாம் ஏற்கக் கூடாது.

சரிவில் வீடு கட்டியவர்கள் சமவெளியில் இடம் கிடைக்காதவர்கள். நகரம் அவர்களுக்குப் பட்டிருக்கும் கடன் பெரியது. அதை அடைக்கும் வழிகளில் கம்பிவடமும் ஒன்றாகலாம். எந்த நிபந்தனைகளில் ஆகும் என்பதை இந்த அரங்கம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைத்து, முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.