செய்தி கேட்டுக் கொதிக்கும் உள்ளம்

 

வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் புதுக்கடைப் பெற்றோருக்கு வெளிநாட்டுச் செய்தியும் வீட்டுச் செய்தியே. 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்தினுள் புகுந்தபோது, 1,00,000-க்கும் மேற்பட்ட இந்தியர் அம்மான் வழியாகத் தாயகம் அழைத்து வரப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபரில், 15 வயதுச் சிறுமி ஒருத்தி அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் முன் அழுதபடி சாட்சி சொன்னாள்: ஈராக்கியச் சிப்பாய்கள் மருத்துவமனையில் பச்சிளங் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்துத் தரையில் போட்டனராம்! உலகமே பதறியது. அவள் அமெரிக்காவிலிருந்த குவைத் தூதரின் மகள் என்பது 1992-ல்தான் வெளியாயிற்று. அக்கதைக்கு ஆதாரமும் கிடைக்கவில்லை. 2003-ல் பேரழிவு ஆயுதங்களைக் காரணங்காட்டி ஈராக்கின் மீது போர் தொடுத்தனர். அமெரிக்கா அனுப்பிய ஆய்வுக் குழுவே 2004-ல், ஆயுத இருப்பு ஏதுமில்லை என்று அறிக்கை தந்தது.

இவற்றை அறிந்தால் உள்ளம் கொதிப்பது இயல்பு. ஆபத்து அடுத்த படியில் இருக்கிறது. 'எல்லாம் பொய்' என்று முடிவு கட்டிவிடுகிறோம். சிறுமியின் கதை பொய்த்ததால் குவைத் மக்கள் பட்ட துன்பம் பொய்யாகிவிடுமா? கொலையும் சித்திரவதையும் அங்கே மெய்யாகவே நடந்தன.

செய்தி வந்தால் தீர விசாரிக்குமாறு ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் பணிக்கிறது. நமக்கு இனிக்கும் செய்திக்கும் அதே கட்டளைதான். (இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்குகிறது!)

இஷாவுக்குப் பின் போர்க்காட்சிகளைப் பார்த்து உறக்கம் தொலைக்கும் இளைஞர்களே! கைப்பேசியை அணைத்துவிடுங்கள். அப்படம் எந்த ஆண்டினது, எந்த ஊரினது என்று சுபுஹுக்குப் பின் விசாரியுங்கள். அதுவரை பிறருக்கு அனுப்பாதீர்கள். பெற்றோர்களே! பிள்ளை அங்கே இருந்தால், தொலைக்காட்சியை விட்டுவிட்டு அவனிடமே பேசுங்கள்.