கேட்பவனின் பங்கு

லண்டனில் மாணவனாக இருந்த 1984 ஆம் ஆண்டில், ஹமர்ஸ்மித் கடையொன்றில் ஒரு சிவப்புப் பெட்டி வாங்கினேன். 'டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்ற விளையாட்டு அது. அமெரிக்கர்களான கரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்க, 1974 இல் வெளிவந்தது. பெட்டியினுள் இரண்டு நூல்கள். நான்கு முகம் முதல் இருபது முகம் வரையான ஆறு தாயக்கட்டைகள். ஆடுபலகை இல்லை. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் பாத்திரங்களாகி, தாம் செய்வதைச் சொல்வார்கள். ஐயமான இடத்தில் கட்டை தீர்ப்புச் சொல்லும்.

அன்றிரவு தனியே முதல் நூலைப் படித்தேன். குகையில் நமக்குத் துணைவரும் அலீனா என்ற பெண், மந்திரவாதி ஒருவனின் மாய அம்புபட்டு இறந்துபோகிறாள். அவளைக் காப்பாற்ற வழியே இல்லை. அது அச்சேறிய கதை. வாசகன் கலங்கலாம், குறுக்கிட முடியாது.

மறுவாரம் நண்பர் மூவருடன் ஆடினோம். காயமுற்ற தோழனைக் கைவிட்டு ஓடினால் மற்றவர்கள் தப்பலாம் என்ற நிலை. எவரும் ஓடவில்லை. அந்த முடிவை எந்த ஆசிரியரும் எழுதி வைத்திருக்கவில்லை, நாங்களே எடுத்தோம். கதை கேட்பவனுக்கும் கதையில் பொறுப்புண்டு என்பதை நான் உணர்ந்தது அப்போதுதான்.