பதவியும் கொள்கையும்: மு. திருச்செல்வத்தின் பதவி விலகலும் திருகோணமலையும்

 எடுத்துக்கொள்ளப்படும் பொருள் அவையோர் அறியாததன்று. 1968ஆம் ஆண்டில் இலங்கையின் உள்ளூராட்சி அமைச்சர் மு. திருச்செல்வம் திருகோணமலைக் கோணேசர் கோயில் தொடர்பாகப் பதவியைத் துறந்தமை இந்நகரத்தார் பலரும் கேட்டறிந்த செய்தியே. ஆயினும் அத்துறவின் பொருள் யாது என்பதில் ஆய்வாளரிடையே நெடுங்காலமாக நிலவும் பூசல் இன்னும் தீரவில்லை.

மாவட்டங்களுக்கு அதிகாரம் பகிரும் மாவட்ட சபைத் திட்டம் கைவிடப்பட்ட பின்னர் அரசிலிருந்து வெளியேற வழிதேடிய அவருடைய தமிழரசுக் கட்சிக்குக் கோயில் ஒரு சாக்காக வாய்த்தது என்பது ஒரு சாராரின் துணிபு. இத்துணிபு நிகழ்ச்சிகளின் வரிசையை மட்டும் நோக்குகிறது. ஓர் அமைச்சர் தம் பதவியை எதற்காக வைத்திருக்கிறார் என்ற வினாவை எழுப்புவதேயில்லை.

1965 மார்ச் தேர்தலில் 14 ஆசனங்களைப் பெற்ற தமிழரசுக் கட்சி, அம்மாதம் 24ஆம் திகதி ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் டட்லி சேனநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்துகொண்ட, மாவட்ட சபைகளை உறுதியளித்த டட்லி–செல்வநாயகம் ஒப்பந்தத்தின் அடிப்படையில் ஐக்கிய தேசியக் கட்சி அரசை ஆதரித்தது. கட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எவரும் அமைச்சராகாத நிலையில், சட்டத்துறையில் உயர்ந்து நின்ற திருச்செல்வம் மூதவை, அதாவது நாடாளுமன்றத்தின் மேல்சபை, வழியாக அமைச்சரவைக்குச் சென்றார். ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்துவதற்காக அனுப்பப்பட்டவர் அவர். அவருடைய பதவிக்கு அதைவிட வேறு நியாயம் இருக்கவில்லை.

கோணேசர் கோயில் பிரெட்ரிக் கோட்டைக்குள், கடலின்மேல் செங்குத்தாக எழும் சுவாமி மலையில் அமைந்திருக்கிறது. போர்த்துக்கேயர் 1620களில் பழைய கோயிலை இடித்து அங்கே கோட்டை எழுப்பினர். மீண்டும் எழுந்த கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடைபெற்றது. அதன் சூழலைப் புனிதப் பிரதேசமாக, அதாவது வழிபாட்டிடத்தைச் சுற்றிய நிலத்தின் பயன்பாட்டையும் கட்டடங்களையும் கட்டுப்படுத்திக் காக்கும் பகுதியாக, அறிவிக்கலாமா என ஆராய்வதற்குத் திருச்செல்வம் குழுவொன்றை அமைத்தார். அவர் எதனையும் பிரகடனம் செய்யவில்லை. ஆராயுமாறு மட்டுமே பணித்தார். ஆயினும் பௌத்த நாயக்க தேரர் ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்ததும், பிரதமர் டட்லி சேனநாயக்க தம் அமைச்சருடன் கலந்தாலோசிக்காமலே குழுவின் பணியை நிறுத்தினார். தம் துறைக்குள் ஒரு விசாரணையைக்கூட நடத்த இயலாத அமைச்சர், பதவியில் தொடர்ந்தால் தம் மக்களுக்கு எதைப் பெற்றுத் தர முடியும்? திருச்செல்வம் விலகினார், கட்சியும் அரசிலிருந்து வெளியேறியது.

சாக்கு என்போர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாவட்ட சபைத் திட்டம் வீழ்ந்தமை தமிழ் மக்களின் பார்வையில் ஒரு கோயில் குழுவின் நிறுத்தத்தைவிடப் பெரிய காரணமாகும். விலகுவதற்குக் காரணம் மட்டுமே தேடப்பட்டிருந்தால் அதுவே போதியதாயிருக்க, அப்போது விலகாதவர் குழு தடுக்கப்பட்டபோது விலகினார் என்றால், கொள்கையை நிறைவேற்றுவதற்கான கருவியாகப் பதவி இனிப் பயன்படாது என்பது அவருக்கு அந்நிலையிலேயே உறுதியாயிற்று என்று கொள்வதே பொருந்தும். கட்சி வெளியேறிய உடனே அரசைக் கவிழ்க்க முனையவில்லை என்பதும் இதற்கு முரணன்று. பதவியைத் துறப்பதும் ஆட்சியை வீழ்த்துவதும் வெவ்வேறு செயல்கள்.

பதவியும் கொள்கையும் மோதிய வேறு நிகழ்ச்சிகளும் ஒப்பீட்டுக்கு உள்ளன. மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்ட காலத்தில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அமைச்சராகவே நீடிக்க, செல்வநாயகம் அக்கட்சியிலிருந்து பிரிந்துசென்று 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். குடியரசு அரசியலமைப்பை எதிர்த்து 1972இல் நாடாளுமன்ற ஆசனத்தைத் துறந்த அவர், 1975 வரை தள்ளிப்போடப்பட்ட இடைத்தேர்தலில் மீண்டும் வென்றார். இவற்றை விரிக்க இங்கே இடமில்லை.

இப்பூசல் தீர இன்னும் செய்யப்பட வேண்டிய ஆய்வுப் பணிகள் பல. 1971இல் ஒழிக்கப்பட்ட மூதவையின் ஹன்சாட் பதிவுகளை இப்பொருள் நோக்கில் தொகுத்தல் வேண்டும். குழு பற்றிய அமைச்சுக் கோப்புகள் தேடப்பட வேண்டும். அக்காலத்துத் தமிழ் ஏடான சுதந்திரனின் இதழ்களைச் சிங்கள, ஆங்கில நாளேடுகளுடன் ஒப்பிடலாம். கோட்டைக்கு வெளியே வாழ்ந்த முஸ்லிம், சிங்கள மக்கள் அன்று இவ்விவகாரத்தை எவ்வாறு நோக்கினர் என்பது தனி ஆய்வுக்குரியது. முதியோரின் வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டும் பணியை இம்மாவட்டத்து மாணவர் விரைந்து தொடங்குதல் நன்று.